காலியாக வந்த கிணறுகள்

அன்று காலை என் கணினித் திரையில் ஊர்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நின்றன. கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று என்று நானே தமிழில் தட்டச்சுச் செய்திருந்த பெயர்கள் அவை. புள்ளிவிபர மென்பொருளுக்குள் கோப்பை ஏற்றியதும் ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊருகள் எல்லாம் எங்க போட்டுது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இப்படி வருவது எங்களுக்குப் புதிதல்ல. கோப்பு எந்த எழுத்துமுறையில் சேமிக்கப்பட்டது என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால் போதும், பெயர்கள் திரும்பி வந்துவிடும். அரை மணித்தியால வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

திருகோணமலையில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு வீதியில், பலசரக்குக் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களில் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளந்து அறிக்கை எழுதும் சிறிய நிறுவனம். நான் அங்கே தரவு உத்தியோகத்தர். வெளியே போய் அளந்து வருபவர்களின் இலக்கங்களைக் கோப்பாக்குவது என் வேலை. அந்தக் கோப்பை மென்பொருளில் ஏற்றி, கணக்குப் பார்த்து, அறிக்கை எழுதுவது எங்கள் புள்ளிவிபரப் பிரிவின் தலைவியின் வேலை. அவரை நாங்கள் எல்லோரும் மிஸ் என்றே கூப்பிட்டோம். முகாமையாளரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

மிஸ்ஸுக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். மெலிந்த, உயர்ந்த பெண். அலுவலகத்தில் ஊர்க்கதை கதைப்பவரல்லர். யாரோடும் உரத்துப் பேசியதும் இல்லை. ஒரு அட்டவணையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதை வாங்காமலேயே "சரி பார்த்தனீரோ?" என்று கேட்பார். ஓம் என்றால்தான் கை நீளும். எனக்கு அவர்மேல் பிரியம் இருந்ததென்று சொல்ல முடியாது. பயமும் இருக்கவில்லை. நல்ல மின்விசிறி ஒன்று அறையில் ஓடிக்கொண்டிருப்பதைப் போல அவர் அங்கே இருந்தார். அவருடைய குரல் மாறுவது வாரத்தில் ஒருமுறைதான். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவருடைய தங்கை தொலைபேசி எடுப்பார். அப்போது மிஸ் யன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டு, எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு செல்லக் குரலில், சமையல் பற்றியும் மழை பற்றியும் கதைப்பார். திருமணம் செய்யாதவர். தங்கையைத் தவிர அவருக்கு வேறு நெருங்கிய உறவு இருந்ததாக நாங்கள் அறியவில்லை.

அந்தத் தங்கை சம்பூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார். போரில் இடம்பெயர்ந்து, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காலத்தைக் கழித்துவிட்டு, திரும்பிப் போய் வீடு கட்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். திரும்பிப் போனபோது கிணறுகள் உவர்த்திருந்தன. குளிக்கலாம், துணி தோய்க்கலாம், குடிக்க ஏலாது. எங்கள் அளவீட்டில் அந்த ஊரும் இருந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த வெளிநாட்டு அமைப்பு, முடிவில் ஒரேயொரு ஊரில் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தது. எந்த ஊரின் கிணறுகளில் உப்பு அதிகமோ அந்த ஊருக்கு என்பது ஆரம்பத்திலேயே எழுதி ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. மிஸ் கணக்குப் பார்த்து அறிக்கை கொடுத்தார். முதலாவதாக வந்தது அவருடைய தங்கையின் ஊர். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, வருவதற்குக் காரணமும் இல்லை. மிஸ்ஸின் நேர்மை பற்றி அலுவலகத்தில் இரண்டு கருத்து இருக்கவில்லை. அந்த ஊர்த் தண்ணீரின் உவர்ப்பும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. ஊர்களுக்கும் கிணறுகளுக்கும் பெயர் இல்லை, குறியீட்டு எண்கள்தான். ஆகவே மிஸ் கோப்பை ஏற்றியபோது தமிழ்ப் பெயர்கள் மேலிருந்து கீழாக நின்ற நிரலைத் தொடவேண்டி வரவில்லை. ஆனால் ஊர் மக்களுக்கு முடிவைச் சொல்வதற்குத் தமிழில் ஓர் அட்டவணை வேண்டும் என்று முகாமையாளர் என்னிடம் கேட்டிருந்தார். அதற்காகத்தான் நான் மூலக் கோப்பை முதலிலிருந்து ஏற்றினேன். அதனால்தான் அந்தக் கேள்விக்குறிகள்.

எழுத்துமுறையைச் சரிசெய்ததும் பெயர்கள் வந்தன. ஆனால் இப்போது சில வரிகள் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளிப்போய் நின்றன. முகவரியில் "கோயிலடி, கிழக்கு" என்று யாரோ காற்புள்ளி போட்டிருந்ததால் மென்பொருள் அதை இரண்டு நிரலாகப் பிரித்துவிட்டது. அதைச் சரிக்கட்டினால், பூச்சியத்தில் தொடங்கும் கிணற்று எண்களில் பூச்சியங்களைக் காணவில்லை. ஒன்றைத் திருத்த இன்னொன்று வந்தது. இப்படியான நேரத்தில் செய்கிற ஒரு வழி உண்டு. மென்பொருளைத் தன்பாட்டில் எதையும் ஊகிக்க விடாமல், எல்லா நிரலையும் வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள் என்று சொல்லி ஏற்றுவது. இலக்கம்கூட எழுத்தாகத்தான் வரும். கோப்பில் உள்ளது உள்ளபடி தெரியும். பிறகு ஒவ்வொரு நிரலாகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

அப்படி ஏற்றிய பிறகுதான் உப்பின் அளவு இருந்த நிரலில் அந்தச் சொல்லைக் கண்டேன். இலக்கங்களுக்கு நடுவே "ஓவர்". கீழே போகப் போக மேலும் ஓவர். கோப்பின் கடைசிப் பகுதியில், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து ஒரு கரையோரக் கிராமத்தில், ஏறக்குறைய எல்லாக் கிணறும் ஓவர்.

அது என்னவென்று எனக்கு உடனே விளங்கியது. எங்கள் ஆட்கள் கொண்டுபோன சின்ன மீற்றர் ஓர் அளவு வரைக்கும்தான் காட்டும். அதற்கு மேலே உப்பு இருந்தால் இலக்கம் வராது, "ஓவர்" என்று எழுத்து வரும். கண்டதை அப்படியே பதிந்திருக்கிறார்கள். அது பிழையல்ல. ஆனால் மென்பொருள் ஒரு கோப்பை ஏற்றும்போது மேலே உள்ள வரிகளைப் பார்த்துத்தான் நிரலின் தன்மையைத் தீர்மானிக்கிறது. மேலே இருந்தவை கிண்ணியா, மூதூர்க் கிணறுகள், எல்லாம் இலக்கம். ஆகவே இது இலக்க நிரல் என்று அது முடிவுகட்டி, கீழே வந்த சொற்களையெல்லாம் வெற்றிடமாக்கிவிட்டது. கணக்குப் பார்க்கும்போது வெற்றிடங்கள் சேராது. அந்தக் கரையோரக் கிராமத்தில் குளத்தை அண்டி இருந்த சில நல்ல கிணறுகள் மட்டும் இலக்கமாகத் தப்பி, ஊரின் சராசரியாகிவிட்டன. உப்பு மிகக் கூடிய கிணறுகள் எவையோ அவைதான் காணாமற் போயிருந்தன. மிஸ்ஸின் அறிக்கையில் அந்த ஊர் தண்ணீர்ப் பிரச்சினை குறைந்த ஊர்களில் ஒன்று. நானே ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். ஒரு வீட்டில் தந்த தேநீர் கரித்தது, மரியாதைக்காகக் குடித்து முடித்தேன். அறிக்கையை வாசித்தபோது அந்தத் தேநீர் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

தங்கையின் ஊரில் ஓவர் என்று ஒரு கிணறும் இல்லை. அங்கே உப்பு மோசம், ஆனால் மீற்றருக்குள் அடங்கிய மோசம்.

மிஸ்ஸிடம் போய், "மிஸ், இதை ஒருக்காப் பாருங்கோ" என்றேன்.

அவர் எழுந்து வரவில்லை. "நான் ஏத்தின கோப்பு சரியா இருக்குது. நீர் எதைத் திறந்து வச்சிருக்கிறீர்?"

"மூலக் கோப்பு, மிஸ். உப்பு நிரலில எழுத்து இருக்குது. நீங்கள் ஏத்தேக்க அதெல்லாம் காலியா வந்திருக்கும்போல."

"காலியா வந்தா எனக்குத் தெரியாதோ? தண்ணி வத்தின கிணறு, பூட்டின வீட்டுக் கிணறு, அதெல்லாம் காலியாத்தான் வரும்."

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். வற்றிய கிணறுகளும் பூட்டிய வீடுகளும் எல்லா ஊரிலும் இருந்ததால் வெற்றிடங்களைக் கண்டு அவர் சந்தேகப்படவில்லை. நான் அவருடைய மேசையடியிலேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் தன் கணினியிலேயே மூலக் கோப்பைப் புதிதாக ஏற்றினார். ஏற்றி முடிந்ததும் வழக்கம்போல மென்பொருள் கீழே சில எச்சரிக்கை வரிகளைக் காட்டியது. அவற்றில் ஒன்று, சில பெறுமதிகளை எண்ணாக மாற்ற முடியவில்லை என்றது. மிஸ் அதைச் சுட்டுவிரலால் தொட்டார்.

"இது எந்த நாளும் வாற வரிதான்" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

பிறகு கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு யன்னலடிக்குப் போனார். கீழே மதிலோரமாக, இந்த நகரத்துத் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று பிளாஸ்ரிக் பையொன்றை இழுத்துக்கொண்டிருந்தது. அது போகும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது அவருடைய முகத்தில் பெரிய மாற்றம் இருக்கவில்லை. "முகாமையாளர் வந்திட்டாரோ?" என்று மட்டும் கேட்டார்.

முகாமையாளர் கெட்டவரல்லர். பல வருடம் நிவாரண வேலைகளில் அலைந்து, ஆட்களின் கோபத்தையும் கண்ணீரையும் நேரில் கண்டு களைத்தவர். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "மிஸ், அத்திவாரம் வெட்ட நாளும் வச்சாச்சு. சனத்துக்கும் சொல்லியாச்சு. ரெண்டும் கஷ்டப்பட்ட ஊர்தானே? இந்தமுறை அவைக்குக் குடுப்பம், அடுத்த திட்டம் வரேக்க மற்ற ஊரைப் பார்ப்பம். அறிக்கையில ஆர் போய்த் தோண்டப் போகினம்?"

"எந்த ஊருக்குக் குடுக்கிறது எண்டு நான் சொல்ல வரேல்லை. அது உங்கட வேலை. நான் தந்த அறிக்கை பிழை. திருத்தின அறிக்கை தாறன். அதுவரைக்கும் பழசைப் பாவிக்க வேண்டாம்."

"உங்கட தங்கச்சியின்ர ஊரல்லோ அது?"

"ஓம்" என்றார் மிஸ்.

அந்த ஒரு சொல்லோடு கதை முடிந்தது. முகாமையாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஓவர் என்று எழுதப்பட்ட கிணறுகளுக்கு ஏதாவது ஓர் இலக்கத்தை ஊகித்துப் போட்டுக் கணக்கை முடிக்கலாம், அப்படிச் செய்பவர்களும் உண்டு. மிஸ் சம்மதிக்கவில்லை. திரும்ப அளக்கவேண்டும் என்றார். காய்ச்சி வடித்த நீரைப் போத்தல்களில் எடுத்துக்கொண்டு நாங்கள் அலுவலக வான் வண்டியில் புறப்பட்டோம். கிணற்றுத் தண்ணீரை அந்த நீரில் கலந்து ஐதாக்கி அளந்தால் மீற்றர் இலக்கம் காட்டும், பிறகு பெருக்கி உண்மையான அளவைக் கண்டுகொள்ளலாம். வழியில் தங்கையின் ஊருக்குப் பிரியும் பாதை வந்தது. சாரதி, "இறங்கிப் பார்த்திட்டுப் போவமோ மிஸ்?" என்றார். வேண்டாம், நேரம் போகுது என்றார் மிஸ்.

அந்தக் கிராமத்தில் முதலாவது கிணற்றடியில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து பாவாடையில் கையைத் துடைத்தார். "போனமுறையும் வந்து அளந்தவை. இப்ப என்னத்துக்குத் திரும்பவும்?"

மிஸ் நேராகவே சொன்னார். "போனமுறை அளந்தது சரி. எங்கட கணக்கில சேராமல் போட்டுது. பிழை எங்களில."

"சேராமல் போனதோ?" அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "உங்கட கணக்கில இல்லாட்டிலும் நாங்கள் இதைத்தானே குடிச்சுக்கொண்டிருக்கிறம்."

மிஸ் வாளியைத் தானே கிணற்றில் இறக்கினார். அளவுகளை நான் எழுதினேன். வந்த இலக்கங்கள் நாங்கள் நினைத்திருந்ததைவிட மோசமாக இருந்தன. ஒவ்வொரு கிணற்றையும் அவர் இரண்டுமுறை அளந்தார். வெயில் ஏறியதும் அவர் கிணற்றுக் கட்டில் அடிக்கடி கையை ஊன்றி நின்றார். "நான் அளக்கிறன் மிஸ்" என்றேன். மீற்றரை என்னிடம் தந்துவிட்டு, எழுதுவதற்கு அவர் உட்கார்ந்தார். அன்று முழுதும் அவர் கேட்ட ஒரே கேள்வி வழக்கமான கேள்விதான். "சரி பார்த்தனீரோ?"

திருத்திய அறிக்கையை வைத்து ஒரு கூட்டம் நடந்தது. பணம் கொடுத்த அமைப்பின் ஆட்களும் இரண்டு ஊர்ப் பிரதிநிதிகளும் வந்திருந்தார்கள். கோப்பை ஏற்றும்போது நேர்ந்த பிழை என்று மிஸ் எழுந்து நின்று விளக்கினார். அமைப்பிலிருந்து வந்திருந்த ஒருவர், கோப்பை ஏற்றியது யார் என்று கேட்டார். அந்தக் கேள்வி மிஸ்ஸுக்குத் தப்ப ஒரு வழி விட்டதுபோலவும் இருந்தது. தரவுப் பகுதியில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம், எல்லோரும் இளம் ஆட்கள், யார்மேலாவது போட்டுவிட்டுப் போயிருக்கலாம். "நான்தான்" என்றார் மிஸ். "எச்சரிக்கை வந்தது. நான் வாசிக்கேல்லை." தங்கையின் ஊரிலிருந்து வந்த முதியவர் ஒருவர் எழுந்து வெளியே போனார். நிலையம் மற்ற ஊருக்கு என்று அன்றே முடிவானது.

தங்கையின் தொலைபேசி வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை, அடுத்த நாளே வந்தது. மிஸ் இம்முறை யன்னல் பக்கம் திரும்பவில்லை. மேசையிலேயே இருந்து கேட்டார். அந்தப் பக்கம் என்ன சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியாது. மிஸ் சொன்னது மட்டும் கேட்டது. "ஓம், நான்தான் திருத்தினனான்... இல்லை, ஒருத்தரும் என்னைத் திருத்தச் சொல்லேல்லை... பிழையா இருந்தது, அதால திருத்தினனான்... தங்கச்சி, நான் சொல்லுறதைக் கேள்... தங்கச்சி." பிறகு தொலைபேசியைப் பார்த்துவிட்டு அதை மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் அது ஒலிக்கவில்லை. பின்னேரத் தேநீர் நேரத்தில் நாங்கள் எல்லோரும் அதைக் கவனித்தோம், கவனிக்காததுபோலவும் இருந்தோம்.

அவருக்குத் தண்டனை என்று எதுவும் கொடுக்கப்படவில்லை. கொழும்பிலிருந்து ஒருவரைப் பிரிவுத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். மிஸ்ஸின் மேசை வாசல் பக்கமாக நகர்ந்தது. அவர் அதுபற்றி எங்களிடம் முறைப்பட்டதில்லை. ஓய்வு பெறும் வரையில் அந்த மேசையிலிருந்து எங்கள் கோப்புகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்றி முடிந்ததும் வரும் எச்சரிக்கைகளை ஒன்றொன்றாக, உதடு அசைய, வாசிப்பார். புதிய தலைவருக்கு அது தாமதமாகப் பட்டது. எனக்கும் சில நாள் அப்படிப் பட்டிருக்கிறது. ஓய்வு பெற்ற நாளில் சிற்றுண்டியும் ஒரு சேலையும் கொடுத்து அனுப்பினோம். பிறகு அவரைப் பற்றி அதிகம் கேள்விப்படவில்லை. நகரத்தில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

இந்த வருடம் வேறொரு ஆய்வுக்காகச் சம்பூர்ப் பக்கம் போனேன். இப்போது என்னோடு வருபவர்கள் தொலைபேசியிலேயே அளவுகளைப் பதிகிறார்கள், இலக்கம் தவிர வேறெதையும் அந்தக் கட்டத்தில் போட முடியாது. அந்த ஊரில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போனபோது, மாமரத்துக்குக் கீழே கதிரையில் மிஸ் இருந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, "நீரோ?" என்றார். தேநீர் போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். தங்கை வெளியே வந்தார். தமக்கையைவிடக் குள்ளம், கொஞ்சம் பருமன், முகம் ஒரே அச்சு.

தங்கை கதைகாரி. நான் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார். "கனகாலம் நான் இவவோட கதைக்கேல்லை. ஊருக்குள்ள தலைகாட்ட ஏலாமல் இருந்தது தம்பி. உன்ர அக்காதானே தட்டிப் பறிச்சவ எண்டு சனம் கேட்டுது. பிறகு பென்சன் எடுத்த கையோட ஒரு பையோட வந்து இந்தப் படலையில நிண்டா. இருக்கலாமோ எண்டு கேட்டா. நான் என்ன சொல்லுறது? சோறு காய்ச்சிக்கொண்டு இருந்தனான், கூட ஒரு சுண்டு அரிசி போட்டன்."

வீட்டு முற்றத்தில் ஒரு குழாய் நின்றது. புதிய திட்டத்தில் குழாய்கள் பதித்தாயிற்றாம், தண்ணீர் இன்னும் வரவில்லையாம். அதுவரைக்கும் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வாரத்தில் சில நாள் வந்து சந்தியில் நிற்கும். மிஸ் இங்கே வந்த பிறகு இந்த ஊர்க் கிணறுகள் எல்லாவற்றையும் தானே அளந்து, இவ்வூரின் நிலையை விளக்கிப் குழாயில் தண்ணீர் விடக் கேட்கும் விண்ணப்பம் ஒன்றுக்கு இலக்கங்கள் திரட்டியிருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டேன். உப்பு முன்னையைவிடக் கூடியிருக்கிறது என்றார், ஆனால் எல்லாக் கிணற்றிலும் இல்லை என்றும் சொன்னார்.

"இஞ்ச பாருங்கோ" என்று தங்கை இடையில் புகுந்தார். "கொஞ்சம் கூட்டிப் போடன் அக்கா, கெதியாத் தண்ணி வரும் எண்டு கேட்டனான். ஏலாதாம்."

"ஏலாது" என்றார் மிஸ்.

வெளியே பவுசரின் ஹோர்ன் சத்தம் கேட்டது. மிஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குசினி வாசலில் இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு சந்திப் பக்கம் நடந்தார். நான் படலையில் நின்று பார்த்தேன். வரிசையில் முன்னால் நின்ற ஒரு பெண் விலகி இடம் விட்டார். மிஸ் தலையை ஆட்டி மறுத்துவிட்டுக் கடைசியில் போய் நின்றார். தங்கை, இந்த மனுசியோட ஏலாது என்று முணுமுணுத்தபடி இன்னொரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் நின்றார்.